தானாக நசிந்த தேசிக்காய்

14 ஒக்டோபர் 1994, வெள்ளி

வாங்கிய பழைய பிக்கப் வண்டியை இன்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாளை பிறம்ரன் நகருக்குத் தளபாடம் ஏற்றவேண்டும். அதில் முதல் வேலை. எங்கள் வாசல் கொஞ்சம் சரிவு. ஹாண்ட்பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். மனைவி பக்கத்தில் குனிந்து முன்சில்லுகளுக்குத் தேசிக்காய் வைத்தாள். அவள் கையை எடுத்ததுதான் தாமதம், வண்டி தானாக உருண்டு இரண்டையும் நசித்துக்கொண்டு போய் வேலியில் முட்டி நின்றது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் ஏற முதலே வெளிக்கிட்டிட்டுது. நல்ல சகுனம். நாளைக்குப் பிள்ளையோட நானும் வாறன்," என்றாள்.

"ஓம்" என்றுவிட்டேன்.

பிறேக் எல்லாம் புதிது என்று விற்றவன் சொன்னதை நம்பினேன். இப்போது சில்லுகளுக்குக் கல் வைத்திருக்கிறேன். யன்னலால் மூன்று தரம் பார்த்தாயிற்று. பாரம் ஏற்றினால் கால்பிறேக்காவது பிடிக்குமா?

பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குகிறாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் தேசிக்காய் மணக்கிறது.