சும்மா இருக்கும் நாள்

புரட்டாசி 6, செவ்வாய்

பி.டி. டீச்சருக்கு எங்கள் வீட்டைப் பற்றி என்ன தெரியும்? போட்டியில் இரும்புக் குண்டு எறியக் கை தேற வேண்டும் என்று கனம் தூக்கச் சொன்னார். "புதுசா தூக்கறவ தெனமும் தூக்கக் கூடாது. ஒரு நாள் தூக்கு, மறுநாள் சும்மா இரு. அப்பதான் சதை ஊறும்."

நேற்று மாட்டுக் கொட்டகையில் யாருக்கும் தெரியாமல் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கினேன். இன்று சும்மா இருக்கும் நாள். அடிபம்பிலிருந்து பதினான்கு குடம் தண்ணீர், இரண்டு கட்டுப் புல், பஸ் போகாதபடி மறியலுக்காக ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரத்திலிருந்து ஒரு சுமை விறகு. இதுதான் ஓய்வு.

கடைசிக் குடத்தில் கை மடங்கவில்லை. குடம் நழுவி வாசலில் விழுந்தது. அம்மா என் கையை அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி, கல்லாட்டம் கீது? இன்னாத்த தூக்கின?"

"தண்ணிதாம்மா."

நம்பினாளா, தெரியவில்லை. குண்டு எறிவது அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடமே நின்றுவிடும்.

படுக்கும்போது அம்மா விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள். "நாளைக்கு ஒரு வேலையும் தொடாத. பேசாம படுத்துக்கினு இரு. நான் வூட்லயேதான் இருப்பேன்."

நாளைதான் நான் தூக்க வேண்டிய நாள். அம்மா கண்ணெதிரே எப்படிக் கொட்டகைக்குப் போவேன்? மறுநாள் மறுபடியும் பதினான்கு குடம். மறியல் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் கள்ளக்குறிச்சியில் குண்டு எறிய ஆள் தேர்வு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அதுவரை தியாகதுருகத்தில் இருக்கும் டீச்சரைப் போய்க் கேட்கவும் வழியில்லை.

ஓய்வு இல்லை என்று இத்தனை நாள் எரிச்சல். இப்போது கிடைத்ததும் எரிச்சல். இதை எழுதுவதற்குள் பென்சில் இரண்டு முறை நழுவிவிட்டது. நாளை தூக்கினால்தான் என்ன, இந்தக் கையில் குழவி எழும்பவா போகிறது.