உன் பேருக்கு வந்த வாழ்த்து

இன்று காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து இருந்தபோது போன் சத்தம் போட்டது. கரண்ட் பாவிப்பதைக் காட்டும் அந்த ஆப்தான், புள்ள. பச்சை இலைப் படம் ஒன்று. கீழே உன் பெயர். அதற்கும் கீழே: "வாழ்த்துகள்! இந்த மாதம் உங்கள் வீட்டின் மின்பாவனை பாதியாகக் குறைந்துள்ளது."

முழுவதையும் நானே வாசித்தேன். "மின்பாவனை"யில் மட்டும் கொஞ்சம் நின்றேன். வந்த சந்தோசத்தில், "இஞ்ச பாரு புள்ள, ஒரு எழுத்தும் விடாமப் படிச்சிட்டன்" என்று உன் கட்டில் பக்கம் திரும்பிவிட்டேன். மெத்தை சுருட்டிக் கிடந்தது.

இது உனக்குச் சீதனமாக வந்த வீடு. நான் மாப்பிள்ளையாக வந்து ஏறியவன். அதனால் மீட்டர் உன் பெயரில். போனில் வரும் ஏச்சும் புகழும் உன் பெயரில். மகள் அதைப் போட்டுத் தந்த காலத்தில் நீ வாசிப்பாய், நான் கேட்பேன். "உங்கள் பாவனை அயல் வீடுகளை விட அதிகம்" என்று ஒருநாள் சிவப்பில் வந்தது.

"ஆரு அந்த அயல் ஊட்டுக்காரி? அவ நம்மட மீட்டர எட்டிப் பாக்கிறாவா?" என்றாய்.

"போனுக்கிட்டக் கேளு."

"நீங்க கேளுங்க. ஒங்களுக்குத்தானே வேலை ஒண்டுமில்ல."

அடுத்த நாளே கல்முனைக்குப் போய் புது பல்ப் வாங்கி மாட்டினோம். ஆளில்லாத அறையில் பேன் சுற்றினால் நீ சத்தம் போடுவாய். நான் இடுப்புச் சாரனைத் தூக்கிக்கொண்டு நிப்பாட்ட ஓடுவேன். பச்சை வந்த நாளில் உன் முகம் பெருநாள் மாதிரி இருக்கும்.

உனக்கு நெஞ்சு வருத்தம் வந்து, ஒட்சிசன் மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு பச்சை வரவேயில்லை. வாசிக்க உனக்கு மூச்சும் போதவில்லை. உனக்கு வாசித்துக் காட்டத்தான் மகளிடம் நான் எழுத்துப் படித்தேன். ஒருநாள் பள்ளியில் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மெஷின் நின்று கிடக்கிறது. உன் உதடெல்லாம் நீலம். பதறிப்போய் சுவிட்சைப் போட்டேன்.

மூச்சு வந்ததும், "சிவப்பாக் கிடக்கு... கொஞ்ச நேரம் நிப்பாட்டினா என்னவாம்?" என்றாய்.

நீ இல்லாமல் வந்த இந்தப் பச்சை எனக்கு எதற்கு, புள்ள? இதை எடுத்துக்கொண்டு அந்தச் சிவப்பைத் திருப்பித் தா என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "வாப்பா, கணக்க என்ட பேருக்கு மாத்துவமா? உம்மாட பேரக் கண்டா அழுறீங்க."

"கொஞ்சம் பொறு மனே."

மரணப் பத்திரத்தைக் காட்டி மற்ற எல்லா இடத்திலும் நீ மௌத்து என்று பதிந்தாயிற்று. இது ஒன்றுதான் இன்னும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

அவள் போன பிறகு பார்த்தேன். வாழ்த்துக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது. பாவனை குறைந்ததற்குக் காரணம் என்ன? பல்ப் மாற்றினோம், கருவி பழுது, வீட்டில் ஒருவர் வெளியூரில் என்று விடைகள். வேறு காரணம் எழுத இடமும் இருந்தது. இப்போது எனக்கு எழுத வரும். மௌத்து என்று எழுதலாம். எழுதினால் உன் பெயரை எடுத்துவிடுவார்கள். வெளியூர் என்பதைத் தொட்டேன்.

உடனே இன்னொரு கேள்வி வந்தது. அதை எங்கும் தடுக்காமல் வாசித்தேன்.

"எப்போது திரும்புவார்?"

அந்தக் கேள்வி அப்படியே கிடக்க, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். மகள் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.