மாடியில் தொங்கும் ஜப்பான் படம்

ஞாயிறு, ஐப்பசி

மாடியில் காயப்போடும் பனியன் துணியெல்லாம் புறா எச்சம். புறாவை விரட்டப் போன வாரம் பழைய டிவிடிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டேன். அதில் என் மாமனாருடைய ஜப்பான் படமும் இருந்தது. ராட்சதப் பல்லி ஊரையே மிதித்து நசுக்கும். ஞாயிறு சாயங்காலம் தவறாமல் அதைப் பார்ப்பார். அந்த இரைச்சல் பொறுக்காமல், தெரிந்துதான் கோத்தேன்.

இன்று தேடினார். "அந்தப் படத்தப் பாத்தியா கண்ணு?"

"இல்லீங்க மாமா." வாய் கூசவில்லை எனக்கு.

மழை தூறியது. நான் எழுவதற்குள் அவரே மாடியேறித் துணியை எடுத்து வந்தார்.

"புறா ஒண்ணுகூட வரல கண்ணு. நல்ல ரோசனைதான்."

படம் முடியும் நேரம்வரை, அணைந்த டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.