ஷெரின் இல்லாத பனிக்காலம்

2024 டிசம்பர் 3, செவ்வாய்

மணி ஒன்பதாகியும் பனி விலகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தென்னைகளைக் காணோம். குலசேகரத்தில் மழை விட்டதும் இப்படித்தான். ஒரு பக்கம் மலை, கீழே ஆற்றுப் பள்ளம், காற்று போக வழியில்லாமல் இங்கேயே கிடக்கும். டிப்பர் லாரிப் புழுதியும் சருகு எரிக்கிற நாற்றமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

ஷெரின் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு இழுப்பு வந்து நெஞ்சுக்குழி உள்ளே போவதைப் பெற்றவள் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? "பனி முடியும்வரை கடல் பக்கம் எங்காவது இருக்கட்டும்" என்றார் டாக்டர். எங்காவது என்ன, நான் பிறந்த வீடே முட்டம் கடற்கரையில்தான். அக்கா லீமாவிடம் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டிசம்பர் 8

போனில் ஷெரின்: "அம்மா, ஒரு நாளும் மருந்து இழுக்கல்ல!"

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. பட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் ஒரு டிப்பரை மறித்தேன். பாறைப்பொடி, மேலே தார்ப்பாய் இல்லை. "யக்கா, நான் ஒருத்தனா ஓட்டுதேன்?" என்கிறான். "எம் பிள்ளைய எங்கிட்டேருந்து பிரிச்சது நீங்கதாம்லே" என்று நடுரோட்டில் கத்திவிட்டேன். ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

வந்து பஞ்சாயத்துக்கு இரண்டு பக்க மனு எழுதினேன். கத்தாரிலிருந்து அனீஷ் போனில் சிரிக்கிறார். கட்டிய புருஷனுக்குச் சிரிப்பு. இந்த வீட்டில் தனியாக இருப்பது நான்.

2025 ஜனவரி 2

எல்லாம் என் அவசரம்.

கிறிஸ்துமஸுக்கு முட்டம் போன எனக்கு ஷெரினை விட்டுவிட்டு வர மனசில்லை. கூட்டி வந்துவிட்டேன். மாலை நாலு மணிக்கே ஜன்னல்களைச் சாத்தினேன். இடுக்கெல்லாம் பழைய சேலையைத் திணித்தேன். ஒரு பொட்டுத் தூசி உள்ளே வராது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் இழுப்பு தொடங்கிவிட்டது. முன்னைவிட மோசம்.

இன்று காலை மறுபடி முட்டம். "ஏட்டி, ஒனக்குக் கொறச்சுப் பொறுமை வேண்டாமா?" என்றாள் அக்கா. இனி படிப்பும் அங்கேதான். ஷெரின் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

ஜனவரி 12

அனீஷ், கத்தாரிலிருந்து ஊருக்கு வந்த நண்பர் பெனினிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறார். காற்றிலுள்ள தூசியை எண்ணில் காட்டுமாம். டிப்பர்காரர்களுக்கு இருக்கிறது இன்றைக்கு என்று கிளம்பினேன். ரோட்டில் 84. பாலத்தில் 91. படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுக்களை மேசையில் வைத்தேன்.

412.

பெட்டி கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்தேன். எங்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிற பொன்னுலிங்கம் வாளியோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தார். "யக்கா, பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. மேல பாருங்க."

அடுப்புக்கு மேலே கம்பில் முப்பது ரப்பர் ஷீட். பனிக்காலத்தில் வெயிலில் காயாது என்று தினமும் தேங்காய் மட்டைத் தொண்டு போட்டு நான் புகைய விடுகிற ஷீட். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். யாருக்கும் அது புகையாகத் தோன்றாது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஷெரின் கட்டில். புகை வெளியே போகிற ஜன்னலையும் நானே அடைத்தேன். நானே. சேலையைத் திணிச்சுல்லா அடச்சேன்... என்ன பொம்பள நான்?

ஜனவரி 13

ஷீட் எல்லாவற்றையும் இறக்கியாகிவிட்டது. இனி ஷீட் அடிக்காமல் ரப்பர் பாலாகவே விற்றுவிடும்படி பொன்னுலிங்கத்திடம் சொல்லிவிட்டேன். அனீஷிடம் உண்மையைச் சொன்னேன்.  "நானுந்தான் அந்தப் புகைக்குக் கீழ வளந்தேன்" என்றார்.

பிப்ரவரி 16

ரப்பர் இலை உதிர்ந்து மலை தெரிகிறது. காற்று வீசத் தொடங்கிவிட்டது. அடுக்களையில் 23. ஷெரின் அறைக்கு வெள்ளையடித்தேன். பரீட்சை முடியட்டும் என்கிறாள் அக்கா. எனக்குத்தான் நாள் நகரவில்லை. அவள் தலையணை உறையைத் துவைக்காமல் வைத்திருந்தேன். அதிலும் புகை நாற்றந்தான் மிஞ்சியிருக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

வந்துவிட்டாள்! இரண்டு விரல்கடை உயர்ந்திருக்கிறாள். மாடிப்படியில் ஓடி ஏறினாள், மூச்சு வாங்கவில்லை. நான்தான் கீழே நின்று அழுதேன்.

ஏப்ரல் 29

நாலு நாளாக ஒரு இருமல்கூட இல்லை. ஆனால் இன்று காலை கண் வீங்கிப்போய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பதறிப்போய் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"என்ன மக்கா?"

"உறக்கமே வரல்லம்மா. இங்க கடல் சத்தம் இல்ல." கொஞ்சம் கழித்து, "நாம எப்ப வீட்டுக்குப் போவோம்?"

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

கல்யாணமாகி வந்த முதல் வருஷம் நானும் இந்த வீட்டில் இப்படித்தான் விழித்துக் கிடந்தேன். அனீஷிடம் புழுக்கம் என்று சொல்லிவைத்தேன். இங்கே இருக்க முடியுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. இவளிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு மெல்ல ஆட்டினாள், முடியாதென்று.

அக்காவுக்குப் போன் போட்டு, ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தாலும் அங்கேயே படிக்கட்டும் என்றேன்.

"நீ எப்பிடிட்டி இருப்ப?" என்றாள்.

கடல் சத்தம் இல்லாமல் பத்து வருஷமாக இருக்கிறேனே.