பூ விழாத கண்

அத்தை,

செங்கல்பட்டில் கண் டாக்டர் இன்று என் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். விரலில் டெட்டால் வாடை. எனக்கு மட்டும் வெற்றிலை வாடை அடித்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நீங்களும் இதே இமையை இப்படித்தான் இழுத்தீர்கள், மாடு பிடிக்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல. "ரத்தம் கீது, சோகை இல்ல. எடது கண்ணுதான் சின்னது. போவுது, வுடு" என்றீர்கள். அன்றிலிருந்து செய்யூர் வீட்டில் நான் அரைக்கண்ணி. என் பெயரைச் சொல்லி நீங்கள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வீட்டுக் கணக்கு எழுதும்போது மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரிகிறது என்றுதான் போனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகச் சொன்னார். பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது பால் கொடுப்பவளின் முகம் இருக்கும் தூரம் மட்டும்தானாம். பிறகு கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்குமாம், வெங்காயம்போலத் தோலுக்கு மேல் தோல். ஒன்றும் உரிந்து விழாது, பழையதெல்லாம் நடுவில் அமுங்கிக் கிடக்கும். நாற்பதில் விறைக்கும், அப்புறம் மஞ்சளிக்கும், முடிவில் வெளுக்கும். "உங்களுக்கு இப்பதாம்மா ஆரம்பம்" என்றார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

சொந்தத்தில் யாருக்குப் பெண் பார்த்தாலும் வேனில் முன் சீட்டு உங்களுக்குத்தான். தேமல், தெத்துப்பல், லேசாகச் சாய்ந்த நடை, எதுவும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது. நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் கையில் இருக்கும் காபியை வைத்துவிட்டு எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

அந்தக் கண்ணில்தான் புரை வந்தது. யாரிடமும் நீங்கள் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்குவதை விட்டீர்கள். ஆட்களைக் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டீர்கள். ஒருநாள் கொடியில் காய்ந்த லுங்கியைப் பார்த்து, "வாய்யா, எப்ப வந்த?" என்று கேட்டீர்கள். உங்கள் மகனிடம் சொன்னேன். "எங்கம்மாவுக்குக் கழுகுக் கண்ணு, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் கொழுந்தனாருக்குப் பெண் பார்க்கத் திருவிடந்தைக் கோயிலுக்குப் போனோம். வெளியே கொளுத்தும் வெயில், மண்டபத்துக்குள் இருட்டு. பெண் வந்து கும்பிட்டாள். நீங்கள் முகத்தோடு முகம் ஒட்டும் அளவுக்குக் குனிந்தீர்கள், இமையை இழுத்தீர்கள்.

"கண்ணுல பூ வுழுந்துகீது" என்றீர்கள்.

பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளிறிப்போனது. "இன்னாம்மா சொல்ற? எங்க கீது பூவு? நல்லா பாரும்மா!"

நானும் பார்த்தேன். மாசுமருவில்லாத கண். "அத்தை, ஒண்ணும் இல்ல. வெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வந்து பாருங்க" என்றேன்.

"நீ சும்மா கெட அரைக்கண்ணி. ஒன்னையே நான் போனா போவுதுன்னு எடுத்தேன்."

ஆண்கள் சிரித்தார்கள். அத்துடன் முடிந்தது. பெருமாள் சன்னதிக்கு எதிரிலேயே ஒரு பெண்ணின் கண்ணில் உங்கள் கண்ணின் வெள்ளையை வைத்துவிட்டு வேனில் ஏறினீர்கள். பேச்சு பரவியது. அடுத்து வந்த வீட்டார் அந்தப் பெண்ணின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

பிறகு நீங்கள் வாசல்படி தெரியாமல் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் குட்டு வெளிப்பட்டது. இரண்டு கண்ணிலும் புரை, வெகு நாளாக இருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் முதலில் தெரிந்தது என் முகம். "இன்னாடி இப்டி கெயவி ஆயிட்ட?" என்றீர்கள். வீட்டுக்கு வந்ததும் மூலையில் ஒட்டடை, என் தலையில் நரை, பூஜை விளக்கில் பிசுக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். அப்போதும் நான் சந்தோஷப்பட்டேன். கண் வந்துவிட்டது, இனி அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நினைத்தேன். உங்கள் ஒரு வார்த்தை போதும், அவளுக்குக் கல்யாணம் கூடிவிடும்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் சாமி தீர்த்தவாரிக்கு வந்து நின்ற நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளே வந்தாள். அவள் அம்மா பின்னாலேயே ஓடிவந்து, "வாணாம்டி, வுட்டுடு" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் கேட்கவில்லை.

"ஆபரேஷன் பண்ணிகினியாமே, ஆயா. இப்ப நல்லா தெரியுமே. பாரு. பூ கீதா?"

கடல் பக்கத்து வெயில் நேராக அவள் கண்ணில் விழுந்தது. இமைக்காமல் நின்றாள். உப்புத் தண்ணீர் பட்டுக் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கருவிழியில் உங்கள் முகம் குட்டியாகத் தெரிந்தது, அத்தை. பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது.

நிதானமாகப் பார்த்துவிட்டு, "கீது" என்றீர்கள்.

திரும்பும் பஸ்ஸில், "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "இல்லன்னு சொன்னா நாளைக்குப் பொண்ணு பாக்க எவன் என்னக் கூப்புடுவான்?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அவளுக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை. கல்பாக்கம் பக்கம் எப்போதாவது பார்க்கிறேன். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவள் வெளியே வருவதில்லை.

உங்கள் திதியை நான் தவறவிட்டதில்லை. உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன். அங்கே கண்ணை மூடினால் பெருமாள் முகத்துக்கு முன்னால் அவள் கண்தான் வந்து நிற்கிறது, கறுப்பும் வெள்ளையுமாகத் துலக்கமாக. வீட்டில் உள்ளவர்கள், செத்துப்போனவர்கள், பேர் தெரியாதவர்கள் என்று எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். உங்களை மன்னிக்கச் சொல்லி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

மறந்துபோய் அல்ல, அத்தை.