பெட்டி என்னிடம், கணினி அவனிடம்

2024 ஏப்ரல் 9, செவ்வாய்

கடைக் கணினி இன்று காலை செத்துப்போனது. பொத்தானை அழுத்தினேன், உள்ளே ஏதோ பொரிகிற சத்தம், கரிந்த வாடை, அவ்வளவுதான். நேற்று கிரகணம் பார்க்க எங்கள் ஈரி நகரமே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நின்றது. சூரியன் மூன்றரை நிமிடம் போய்த் திரும்பி வந்தது. இது வராது.

பரவாயில்லை. கணக்கின் நகல் பென் டிரைவில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் வந்து என் கணக்கைப் பார்க்கும் டொலோரஸ் வாராவாரம் எடுத்துவைப்பாள். கணக்கு மென்பொருளின் பெட்டி அலமாரியில் இருக்கிறது. வட்டு உள்ளே, சாவி எண் மூடியில். 2012இல் முழுப்பணம் கொடுத்து வாங்கியது. புதுக் கணினியில் வட்டைப் போட்டால் முடிந்தது.

மே நடுவுக்குள் வங்கிக்கு மூன்று வருடக் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கடன். கடன் வந்தால் கடை நடக்கும் இந்தக் கிடங்கு எனக்குச் சொந்தம். நாள் இருக்கிறது.

ஏப்ரல் 11

முடியவில்லை.

வட்டு ஓடியது. சாவி எண்ணையும் வாங்கிக்கொண்டது. கடைசியில், உரிமத்தை உறுதிசெய்ய இந்த எண்ணை அழையுங்கள் என்றது. அழைத்தேன். வெகுநேரம் பியானோ வாசித்துக் காட்டினார்கள். பிறகு பிரெண்டன் என்று ஒரு பையன், தேன் தடவிய குரல்.

"அந்தப் பதிப்பை நாங்க ஓய்வுக்கு அனுப்பிட்டோம் மேடம். இனிமே உறுதிசெஞ்சு தர முடியாது."

ஓய்வா? அது என்ன தபால்காரரா, கேக் வெட்டி அனுப்பிவைக்க? அது என் பொருள் என்றேன்.

"நீங்க வாங்கினது மென்பொருள் இல்ல மேடம். அதைப் பயன்படுத்துற உரிமை."

"அந்த உரிமை எந்தத் தேதியில சாகும்னு பெட்டியில போட்டிருக்கா?"

மாதச் சந்தாத் திட்டம் இருக்கிறதாம், முதல் மூன்று மாதம் பாதி விலையாம். சரி, அதில் என் பழைய கணக்கு திறக்குமா என்றால், திறக்காதாம். அண்மைப் பதிப்புகளில் எழுதிய கணக்கை மட்டும்தான் அது படிக்குமாம்.

நான் பழைய உணவகச் சாமான் விற்கிறவள். அடுப்பு, பொரிப்பான், இறைச்சி சீவும் எந்திரம். வித்த அடுப்பை பன்னண்டு வருஷம் கழிச்சுப் போய், இது ஓய்வுக்குப் போயிடுச்சுன்னு அணைச்சுட்டு வர்றேனா நான்? வந்தா அந்தச் சமையல்காரன் என்னை என்ன பண்ணுவான்?

ஏப்ரல் 12

அவர்கள் கேட்பது மாதம் 99 டாலர். நான் அன்றைக்குக் கொடுத்தது மொத்தமே 299. வெள்ளிக்கிழமை மீன் வறுவல்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

ஏப்ரல் 16

டொலோரஸ் வந்தாள். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால் என்னையே பிடித்துக்கொண்டாள். மூன்று வருடமாகத் தலையால் அடித்துக்கொண்டாளாம். அப்போதே படிப்படியாக மாறியிருந்தால் கணக்கும் கூடவே வந்திருக்குமாம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை எதற்கு மாற்ற வேண்டும் என்றேன்.

"ஓடுச்சா? வரி அட்டவணை அதுல செத்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நம்ம கடைப் பசங்க சம்பளத்துல பிடிக்கவேண்டிய வரியை நான் கையால போட்டு உள்ள திணிக்கிறேன். அது ஓடல பெர்னி. நான் அதைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்."

உண்மை. உண்மையாக இருப்பதால் இன்னும் எரிகிறது. அதுக்காக? வண்டியில விளக்கு எரியலேன்னா வண்டியையே பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போவானா ஒருத்தன்?

ரசீதுகளை வைத்துத் திரும்ப எழுதலாமே என்றேன். எழுதலாம், ஆகஸ்டில் முடியும் என்றாள்.

ஏப்ரல் 19

கிடங்கின் சொந்தக்காரர் ஹால்டேன் வந்துபோனார். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கெட்ட செய்தி சொல்வார். சாமான் வைக்கும் அறைகளை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று கூடுதல் விலை சொல்லியிருக்கிறதாம். இந்த இடத்தைச் சின்னச் சின்ன அலமாரிகளாகத் தடுத்து, ஊர்க்காரர்களின் பழைய சோபாக்களிடமிருந்து மாதாமாதம் கறப்பார்கள். எனக்குத்தான் முதல் வாக்கு கொடுத்திருக்கிறார். மே 31க்குள் வங்கிக் கடிதத்தைக் காட்டினால் பழைய விலை, காட்டாவிட்டால் அவர்களுக்கு.

பதினேழு வருடம் வாடகை கொடுத்தேன். ஒழுகிய கூரைக்கும் சேர்த்து. வாழ்நாளில் ஒரு தரம், என் காலடியில் இருப்பது என்னுடையது என்று நிற்க வேண்டும். அதைக் கெடுப்பது யார்? ஒரு பியானோ, ஒரு பிரெண்டன்.

ஏப்ரல் 22

கணினி பழுது பார்க்கிறவன் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கை விரித்தான். இதே பதிப்பு இன்னும் ஓடுகிற கணினி யாரிடமாவது இருந்தால் கணக்கு உடனே திறக்கும் என்றான். யாரையாவது தெரியுமா என்று கேட்டான்.

தெரியாது என்றேன். தெரியும்.

ஏப்ரல் 24

ரென்சோ.

ஆறு வருடம் கூட்டு வியாபாரம் செய்தோம். அந்த மென்பொருளை வாங்கியதே கூட்டுப் பணத்தில்தான். அடுத்த வருடம் பிரிந்தோம். ஐஸ் எந்திரங்களை விற்காமல் மதுக்கடைகளுக்கு மாத வாடகைக்கு விடலாம் என்றான் அவன். விற்றோமா, காசை வாங்கினோமா, கதையை முடித்தோமா என்று இருக்க வேண்டும் என்றேன் நான். கத்தினோம். சாமான்களைப் பிரித்தோம். பெட்டி எனக்கு, கணினி அவனுக்கு. இன்று ஏரிக்கரை மதுக்கடைகளில் பாதி அவனுக்கு மாதாமாதம் படியளக்கிறது.

என் கணக்கில் என்ன இருக்கிறது? எந்த அடுப்பை யாரிடம் என்ன விலைக்கு எடுத்தேன், யாருக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தேன், எல்லாம். அதை ரென்சோவின் அறையில் திறப்பதும் நடுத்தெருவில் குளிப்பதும் ஒன்று.

மாட்டேன்.

ஏப்ரல் 30

போனேன். வேறு வழி என்ன இருந்தது? ஒரு பொரிப்பானைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"கிரகணம் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு பெர்னி. இன்னும் கண்ணு தெரியலையா, இந்தப் பக்கம் வந்துட்டே?"

சொன்னேன். நிற்கவைத்தே கேட்டான். பிறகு சிரித்தான். அந்தப் பொரிப்பானைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்திருப்பேன், எண்ணெய் இல்லாமல் போயிற்று.

"ஐஸ் மெஷினை வாடகைக்கு விட்டா கொள்ளைன்னு சொன்னவ நீ. இப்ப உன் கணக்கையே ஒருத்தன் பூட்டி வச்சுக்கிட்டு வாடகை கேக்குறான்."

"அதனாலதான் அன்னிக்கே கொள்ளைன்னேன்."

கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தான். கணினி ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அவனே இப்போது சந்தாவுக்கு மாறிவிட்டானாம், மகள் ஏற்பாடு. மதுக்கடைக்காரன் தனக்குக் கொடுக்கிறான், தான் மென்பொருள்காரனுக்குக் கொடுக்கிறேன், தூக்கம் நன்றாக வருகிறது என்றான். முனகி முனகிக் கணினி எழுந்தது. அந்தப் பழைய பச்சைத் திரை. அதன் தூசியைக் கையால் துடைத்தேன். கோபத்தில்தான்.

என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"பணம் வேண்டாம். கிடங்கு உன் கைக்கு வந்தா வடக்கு மூலை எனக்கு. இங்க இடத்துக்காரன் என் வாடகையை ரெண்டு மடங்காக்கிட்டான்."

"வராமப் போனா?"

"போனா ரெண்டு பேரும் தெருவுல நிப்போம். உனக்குத் துணை இருக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மே 2

அவனோடு ஒரே கூரைக்குக் கீழே? தினம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு? அதற்கா இவ்வளவு பாடு?

ஆனால் பிரெண்டன் கேட்டது சாகும்வரை மாதம் 99, கணக்கும் திறக்காது. ரென்சோ கேட்பது ஒரு மூலை; கணக்கு திறக்கும். வியாபாரி என்று சொல்லிக்கொள்கிறேனே, எது மலிவு என்று எனக்குத் தெரியாதா?

மே 7

டொலோரஸும் நானும் பென் டிரைவோடு போனோம். ரென்சோ அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. வாசலில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு தட்டு பெப்பரோனி உருண்டையோடு, இறைச்சி பொதிந்த ரொட்டி, உட்கார்ந்தான்.

திறந்தது. எல்லாம் அப்படியே இருந்தது. மூன்று வருடத்தையும் அச்சிடத் தொடங்கினோம். பாதியில் தாள் தீர்ந்தது. டொலோரஸ் யோசிக்காமல் அவனிடமே கேட்டுவிட்டாள். கட்டோடு வந்தவன் அச்சாகி வந்த பக்கத்தைப் பார்த்துவிட்டான்.

"அந்த லாட்ஜ் சமையல்கட்டுச் சாமானை ஏழாயிரத்துக்கா எடுத்தே? பன்னண்டு குடுத்தேன்னு ஊரெல்லாம் அழுதே!"

"அழுதேன். விக்கணும்ல."

சிரித்துச் சிரித்து அவனுக்கு உருண்டை புரையேறியது. நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வரும்வரை என்மீதே ஆத்திரம்.

மே 14

கணக்கு வங்கிக்குப் போய்விட்டது.

டொலோரஸ் அடுத்த சண்டையைத் தொடங்கினாள். இனி எழுதுவதை எதில் எழுதுவது? ரென்சோவின் கணினியில் என்றேன். அதை இணையத்தில் மாட்டினால் ஒரே வாரத்தில் எவனாவது உள்ளே புகுந்து துடைத்துவிடுவான், வரியையும் இனிமேல் கையால் போட மாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றாள். பையைத் தோளில் மாட்டிவிட்டாள். அவள் மிரட்டுகிறவள் அல்ல.

சந்தா கட்டினேன். எழுதவே கை கூசுகிறது. ஆனால் மாதக் கடைசியில் முழுக் கணக்கையும் வெளியே எடுத்து அச்சிட்டு என் அலமாரியில் வைத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரு தரம் பூட்டினான். இரண்டாம் தரம் பூட்டும்போது உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது.

மே 28

வங்கிக் கடிதம் வந்தது. சரி என்று ஒரு வரி. ஹால்டேனிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தொப்பியைக் கழற்றாமலே சிரித்தார்.

ஜூன் 6

மென்பொருள் கம்பெனியிலிருந்து கடிதம். நவம்பரிலிருந்து சந்தா மாதம் 115. "உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்ய." சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லைடா, பாவிகளா.

ஜூலை 1, திங்கள்

முதல் தேதி. பதினேழு வருடத்தில் முதல் முறையாக யாருக்கும் வாடகைக் காசோலை எழுதவில்லை. கிடங்கின் நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். கூரை ஒழுகுகிறது. ஒழுகட்டும், என் கூரை.

ஒன்பது மணிக்கு ரென்சோ லாரியோடு வந்தான். ஐஸ் எந்திரங்கள், பொரிப்பான்கள், எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாயில் சுற்றிய அந்தக் கணினி. பெட்டியும் கணினியும் இப்போது ஒரே அலமாரியில் இருக்கின்றன. இணையக் கம்பி கிடையாது.

மூலையை வாக்குப்படி கொடுத்தேன். இலவசமாகக் கொடுப்பதாக எப்போதும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. படுத்திருந்தாலும் மாதாமாதம் வருகிற பணம் எவ்வளவு இனிப்பு என்று முதல் காசோலையை வாங்கும்போது தெரிந்தது. அந்த மென்பொருள் கம்பெனிக்காரனின் ருசி புரிந்துவிட்டது. புரிந்ததால் அவன்மீது கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

ரென்சோவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். பேனாவை என் பக்கம் தள்ளினான்.

"வாய்ல சொன்னா போதாது பெர்னி. அவனுங்க மாதிரி பண்ணமாட்டேன்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். அவன் கொண்டுவந்த கணினி இனி எனக்கே சொந்தம், அதற்கு விலை இல்லை. வடக்கு மூலைக்கு மாதம் 600 டாலர், முதல் தேதியில். ஐந்து வருடத்துக்கு ஏற்றம் கிடையாது. பாக்கி விழுந்தாலும் அவன் சாமானை நான் பூட்டிவைக்கக் கூடாது. வடக்குக் கதவின் சாவி ஒன்று எப்போதும் அவன் கையில்.