ரவிக்கைத் துணிக் கடையும் உலகுவின் பிசிக்ஸும்

என்னங்க,

இந்த ஒரு வார்த்தைக்குத் திரும்பிப் பார்க்க ஆளில்லை என்று தெரிந்த பிறகும் என் வாய் அதைத்தான் சொல்கிறது. அதனால் கடிதத்தையும் அப்படியே தொடங்குகிறேன்.

நம் உலகு படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். பெற்றோருக்கும் ஒரு பக்கம் உண்டு, "எங்கள் மகளின் கல்விப் பயணம்" என்று எழுதிக் கொடும்மா என்றாள். பயணமாவது ஒன்றாவது. அவளைப் பற்றிச் சொல்வதென்றால் நான் உங்களிடம்தான் சொல்வேன், மற்றவர்கள் வேண்டுமானால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, சரி எழுது என்றாள்.

பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் கடை தி.நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது. புடவையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியை எடுத்துக் கொடுக்கிற கடை. பலகையில் மேட்சிங் சென்டர் என்று இருக்கும். தென்காசியிலிருந்து கல்யாணமான கையோடு வந்து, அசோக் நகரில் வீடு பிடித்து, இந்தக் கடையை நீங்கள் கட்டி எழுப்பினீர்கள். ஒரே பெண். உங்கள் அம்மாவின் பெயரை வைத்து உலகம்மாள் என்று கூப்பிட்டு, அது உலகுவாகச் சுருங்கிவிட்டது.

அவளுக்கு பிசிக்ஸ் பைத்தியம் பிடித்ததற்கு நீங்கள்தான் காரணம், மறந்துவிட்டீர்களா? அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது நீங்கள் செய்த கூத்து அது. கடை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பழைய டியூப் லைட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மலிவாகக் கிடைத்த எல்இடி விளக்குகளை மாட்டினீர்கள். அதுவரை நம் கடையில் துணியைக் கிழிப்பதற்கு முன், புடவையையும் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துக் காட்டுவதுதான் வழக்கம். புது விளக்கு வந்த பெருமையில் அதையும் விட்டுவிட்டீர்கள். "வெளிய எதுக்கும்மா போறீய? உள்ளயே சூரியன் இருக்குல்லா" என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டீர்கள்.

சூரியனின் லட்சணம் கோடம்பாக்கத்துக் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. "அண்ணாச்சி, உங்க கடைக்குள்ள மயில் கழுத்து, மண்டபத்துல பாசியா?" என்று அந்த அம்மாள் துணியை மேசையில் போட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். தைத்து முடித்த ரவிக்கைகள் வேறு. நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றீர்களாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த உலகு மட்டும் அந்தப் புடவையையும் ரவிக்கையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள்.

"ஏம்ப்பா இங்க ஒண்ணா இருக்கு, அங்க வேறயா இருக்கு?" என்று கேட்டாள். நீங்கள் கதைவிட்டுச் சமாளித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. "எனக்குத் தெரியலயே பிள்ள. நீ படிச்சுட்டு வந்து சொல்லு" என்றீர்கள். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டாள்.

பிளஸ் டூ முடிந்ததும் அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில்தான் படிப்பேன் என்றாள். மூன்று வருடம் பிசிக்ஸ், அதன்மேல் இரண்டு வருடம் இன்ஜினியரிங், எல்லாம் ஒரே வளாகத்தில். வேண்டாம் என்பவர்கள் மூன்று வருடத்தோடு பிசிக்ஸ் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடலாம். உங்கள் தம்பி வந்து, "அங்க சேத்தா பிள்ளைய மாத்திப்புடுவாவ அண்ணே" என்று ஒரு பாடு அழுதார். நீங்கள் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அட்மிஷனுக்குப் போய் நின்றீர்கள். அந்த வாசலில் உங்களைப் பார்த்தவர்கள் கோயில் நன்கொடைக்கு வந்தவர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாறினது என்னவோ நீங்கள்தான். கிறிஸ்துமஸ் பாடல் குழுவில் சேர்ந்துகொண்டு அவள் சமையலறையில் பாடிப் பழக, அது உங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. காலையில் கடை திறந்து முருகன் படத்துக்குச் சூடம் காட்டும்போது ஏசு பிறந்த பாட்டை முணுமுணுத்தீர்கள். கடையில் வேலை செய்யும் ரெஜினாதான் முதலில் கண்டுபிடித்தாள். பட்டினப்பாக்கத்து மாதா கோயில் பெண் அல்லவா, விடுவாளா? "இன்னா அண்ணாச்சி, எங்காளு பாட்ட உங்காளுக்குப் பாடிக்கினு கீற?" என்று கேட்டாளாம். "கேக்குற சாமி கேட்டுட்டுப் போகட்டுமே" என்றீர்களாம்.

முதல் வருடம் அறுப்பின் பண்டிகை என்ற அறுவடைத் திருவிழாவுக்குப் பெற்றோரை அழைத்தார்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஜெபம் முடிந்ததும் ஆலயத்து வாசலில் ஏலம் விட்டார்கள். அவரவர் கொண்டுவந்த வாழைத்தார், பூசணிக்காய், கேக், கோழி எல்லாம் வரிசையாக இருந்தன. காணிக்கைக்காக விடும் ஏலம் அது. ஒரு எலுமிச்சம்பழத்துக்குக்கூட ஒருவர் மேல் ஒருவர் ஆசையாக விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். அது நமக்கு எங்கே தெரியும்?

உங்களுக்கு வியாபார புத்தி கிளம்பிவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவரின் காதோரம் போய், "ஐயா, நீங்க ஏத்தாதீய, நானும் ஏத்த மாட்டேன். அடிச்சுப் பேசி எடுத்துப் பாதிப் பாதி பிரிச்சுக்கிடுவோம்" என்றீர்கள். அவர் அந்த ஆலயத்துப் பொருளாளர். அவர் விழிப்பதற்குள் நீங்கள் முன்னால் போய், ஏலம் விட்டவரிடம், "தம்பி, சில்லறையா எதுக்குப் போட்டு அலட்டுதீய? மொத்தத்தையும் நானே எடுத்துக்கிடுதேன், கொறச்சு ஒரு வெல சொல்லுங்க" என்றீர்கள். கூட்டமே திரும்பி உங்களைப் பார்த்தது. பிறகு போதகரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உலகு என் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

விஷயத்தைப் புரியவைத்ததும் உங்கள் முகம் சுருங்கியதைப் பார்க்க வேண்டுமே. பரிகாரமாக நீங்கள் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்த விலைக்கு, வீடு வரும்வரை நான் உங்களோடு பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வளாகம் முழுவதும் உங்களுக்கு அண்ணாச்சி என்றே பெயர். பிசிக்ஸ் துறைத் தலைவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்தத் துறையின் இருட்டறையில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு ஒன்று இருக்கிறதாம். உலகு ஒரு பை நிறைய நம் கடை வெட்டுத் துணிகளைக் கொண்டுபோய் அதன்கீழே பரப்பினாள். சிவப்பு கறுப்பாகிவிட்டது, நீலமும் கறுப்பாகிவிட்டது. மொத்த வகுப்பும் கூடிவிட்டது என்று வந்து சொன்னாள். துணியில் தானாக நிறம் இல்லை, அதன்மேல் விழுகிற வெளிச்சத்தில் இருப்பதைத்தான் அது திருப்பிக் கொடுக்கும் என்று உங்களுக்கு விளக்கினாள். நீங்கள் சோற்றைப் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவளைப் பெற்றதற்காக நீங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

அவளுடைய மூன்றாம் வருடம் பொங்கல் கழிந்து, கடையில் கணக்கு முடித்துவிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. உலகுவின் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வந்து தெருவில் நின்றார்கள். போதகரும் வந்தார். ஜெபம் பண்ணலாமா அம்மா என்று தயங்கிக் கேட்டார். பண்ணுங்கையா, அவுகளுக்குப் பிடிக்கும் என்றேன்.

இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாத கதை.

உலகு அழுதுகொண்டே படித்து, மூன்றாம் வருடத் தேர்வை நன்றாகவே எழுதி முடித்தாள். லீவில் தினமும் கடைக்குப் போய் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சும்மா பொழுதுபோக்குக்கு என்று நினைத்தேன். இன்ஜினியரிங் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் துறைத் தலைவர் என்னைப் போனில் கூப்பிட்டு, "அம்மா, உலகு மூணு வருஷத்தோட நின்னுக்கறேன்னு சொல்றா. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அவள் வந்ததும் கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "கடைய யாரும்மா பாப்பா? சித்தப்பா வாடகைக்கு விடச் சொல்றாரு. அப்பா கடைய இன்னொருத்தர் கிட்ட விட என்னால முடியாது. நான் பாத்துக்கறேன். பிசிக்ஸ் டிகிரி கைல இருக்குல்ல, போதும்" என்றாள். உங்கள் தம்பிக்கும் அது தோதாகத்தான் பட்டது. பொம்பளைப் பிள்ளை, எதுக்கு இன்னும் படிப்பு என்றார்.

என்னை மிரட்டியது எது தெரியுமா? அவள் கடையில் நன்றாக இருந்தாள். பத்து மாம்பழ நிறத்துக்கு நடுவில் சரியான ஒன்றை ஒரு பார்வையில் எடுத்துப் போட்டாள். பேரம் பேசுகிறவர்களைச் சிரிக்கவைத்து அனுப்பினாள். அப்படியே அப்பா என்று எல்லாரும் சொன்னார்கள். தத்தளித்துக்கொண்டிருந்தால் நானே துரத்திவிடலாம். நன்றாகச் செய்கிறவளை என்ன சொல்லி எழுப்புவது? இன்னும் ஒரு வருடம் இருந்தால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஒரு காலையில், அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறிவிட்டேன். ரெஜினா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, நீ வந்துகீற?" என்றாள். "ஏன், வரக்கூடாதா?" என்று சொல்லி ஷட்டரைத் தூக்கினேன். சூடம் காட்டினேன். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உலகு தலை ஈரம் காயாமல் ஓடிவந்தாள். "எந்திரிம்மா. உனக்குக் கடையப் பத்தி என்ன தெரியும்?" என்றாள்.

"உனக்கு மட்டும் பொறக்கும்போதே பிசிக்ஸ் தெரியுமாட்டி?" என்று கேட்டேன். ரெஜினா துணி மறைவில் போய்ச் சிரித்தாள். உலகு சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்காக நீ கஷ்டப்பட வேணாம்மா. நான் உனக்காகத்தான் நின்னேன்" என்றாள்.

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. "யாருக்காகவும் இல்ல. எனக்கு இந்த நாற்காலில உக்காரணும்னு ரொம்ப நாளா ஆசை. உங்க அப்பா ஒரு நாளும் கூப்பிடல, நானும் கேக்கல" என்றேன்.

உலகு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்கிறேனா என்று தேடினாள். நம் பிள்ளைக்கு என் பொய் தெரியும், மெய்யும் தெரியும். "கல்லாவுல சில்லறை இடது பக்கம் இருக்கும்மா" என்றாள். பிறகு துறைத் தலைவரைப் போனில் கூப்பிடத் தெருப்பக்கம் போனாள்.

இப்போது இன்ஜினியரிங் வகுப்பில் இருக்கிறாள். வெளிச்சத்தை அளக்கிற கருவிகள் செய்வது அவள் பிரிவாம். நான் முதல் மாதம் நிறையத் தப்பு செய்தேன், ரெஜினாவிடம் நிறையத் திட்டு வாங்கினேன். இப்போது பரவாயில்லை. காலையில் பஸ் ஏறும்போது எனக்கு ஒரு உற்சாகம் வருகிறது. அது வரும்போதெல்லாம், நீங்கள் இல்லாமல் இது எப்படி வரலாம் என்று கூசுகிறேன். ராத்திரி அழுகிறேன், காலையில் மறுபடி உற்சாகமாகப் போகிறேன். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

எவ்வளவோ நல்ல மனுஷர் நீங்கள். மகள் கேள்வி கேட்டதும் தெரியாது, படித்துவிட்டு வந்து சொல்லு என்றீர்கள். எத்தனையோ வருடம் மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, நின்றபடி உங்களுக்குப் பரிமாறிவிட்டுத் திரும்பினேன். ஒரு நாளாவது, நீயும் வந்து உட்காரேன் ஏளா என்று ஏன் சொல்லவில்லை? கோபமாகக் கேட்கவில்லை. நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்க நானும் இருந்திருப்பேனே என்ற ஏக்கத்தில்தான் கேட்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். உலகு எந்த ஊருக்குப் போனாலும், எவ்வளவு பெரிய படிப்பு படித்தாலும், என்றைக்காவது மனசு கேட்காமல் திரும்பி வந்து, அம்மா உனக்கு வயசாகிவிட்டது, எழுந்திரு, நான் உட்காருகிறேன் என்பாள். எழுந்திருக்க மாட்டேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக் கொடுப்பேன், ஒரு காபி வாங்கிக் கொடுப்பேன், கடைசி பஸ்ஸுக்குள் அவள் வேலைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டி, நம் உலகுவின் அம்மா,
பேச்சியம்மாள்